டீக்கடையில் ஆறிய கார்

சூட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று புகார் சொல்பவர், வண்டியை ஆறவைத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தால் நான் என்னதான் செய்வது? யூசுப் பாய் மூன்று முறை அப்படித்தான் கொண்டுவந்தார்.

தஞ்சாவூரில் நான் ஃபோர்மேனாக இருந்த பட்டறைக்கு வந்த முதல் ரோட்டரி இன்ஜின் கார் அது. கூத்தாநல்லூர் யூசுப் பாய்க்குச் சிங்கப்பூரில் வேலை. லீவில் ஊருக்கு வரும்போது மட்டும் அதை ஓட்டுவார்.

அந்த இன்ஜினில் பிஸ்டன் கிடையாது. முக்கோணமாக இரண்டு ரோட்டர்கள் சுற்றும். ஒவ்வொன்றுக்கும் மூன்று முனை, முனைக்கொரு சீல். சீல் தேய்ந்தால் கம்ப்ரஷன் இறங்கும். தகராறு முதலில் சூட்டில்தான் தெரியும். திருச்சியில் ஒரு மெக்கானிக் புகாரைப் பாதி கேட்டதுமே, சீல் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் முதலாளியும் அதே கட்சி.

"இறக்கிடுவோம்யா. என்ன பெரிய ராக்கெட்டா?"

"இறக்கிடலாம் முதலாளி. திரும்ப ஏத்துறது யாரு? சீல் எங்க வாங்குவீங்க, கீழவாசல் கடைத்தெருவுலயா?"

யூசுப் பாய் குறுக்கே வந்தார். "பிரிக்கிறதா இருந்தா வேணாங்க. பழைய இரும்புக்குப் போட்டுட்டு அடுத்த வாரம் பிளேன் ஏறிடுறேன்." வாய்தான் சொன்னது. கை பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தது.

பிளக்கைக் கழற்றிவிட்டு கம்ப்ரஷன் அளக்கிற கேஜை மாட்டினேன். ரோட்டர் நன்றாக இருந்தால், ஒரு சுற்றுக்கு ஊசி மூன்று முறை சமமாகத் துடிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு ரோட்டரிலும் சமமாகவே துடித்தது. ஆனால் இன்ஜின் ஜில்லென்று இருந்தது.

"வழியில எங்கயாச்சும் நிறுத்தினீங்களா பாய்?"

"முக்கு டீக்கடையிலதாங்க, முக்கால் மணி நேரம். சூடா கொண்டாந்து உங்க வாசல்ல மக்கர் பண்ணினா எனக்குத்தானே கேவலம்?"

மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கிக்கொண்டு டாக்டரிடம் போகிறவர்கள் உண்டு. மூன்று முறையும் இதே கதைதான். தலையில் அடித்துக்கொண்டேன்.

நான்காவது முறை நானே அவரோடு ஏறிக்கொண்டேன். பின்சீட்டில் அவருடைய அக்கா. பாய் அவரை ராத்தா என்று கூப்பிடுவார். தஞ்சாவூரில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். நீடாமங்கலம் தாண்டியதும் நிறுத்தச் சொன்னேன்.

"இங்கயா? ரோட்டுல நெல்லு காயுதுங்க."

"காயட்டும். ஆஃப் பண்ணுங்க. இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. கண்ணை மூடிக் காதைக் கொடுத்தேன். சீல் போயிருந்தால் துடிப்பில் ஒன்று நொண்டும். இது நொண்டவில்லை, மூன்றும் சமம்தான். ஆனால் பட்டறையில் ஐந்து சுற்று வரும் நேரத்தில் இங்கே மூன்றுதான் வந்தது. சுற்றுகிற வேகம் போதவில்லை.

நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா கையிலிருந்த பலகையோடு வந்துவிட்டார். "ஏய்யா, வண்டிய எடுங்க. நெல்லைக் கூட்டணும்."

"எடுக்கத்தாம்மா பாக்குறோம்."

"பாத்துக்கிட்டே இருந்தா எப்புடி? எறங்கித் தள்ளுங்கய்யா, தின்னுட்டுத்தானே வந்திருக்கீங்க?"

அவர் நெல்லை ஏற்ற வந்த டிராக்டர் அங்கேயே நின்றது. டிரைவரிடம் கெஞ்சி, டிராக்டர் பாட்டரியிலிருந்து காருக்கு கேபிள் கொடுத்தேன். ஒரே திருப்புதான், பிடித்துக்கொண்டது. ஆஃப் செய்து மறுபடி. ஆறு முறை, அத்தனையும் சூட்டிலேயே.

விஷயம் இதுதான். ரோட்டரியில் சூட்டில் கம்ப்ரஷன் கொஞ்சம் இறங்கும். வேகமாகச் சுற்றினால்தான் இன்ஜின் பிடிக்கும். சூடான ஸ்டார்ட்டரோ கூடுதல் கரன்ட் கேட்கும். அதைப் பாட்டரி கொடுக்கவில்லை.

"பாட்டரி பாக்கப் புதுசாத்தானேங்க இருக்கு! உங்க எலக்ட்ரீஷியனே மீட்டர் வெச்சு நல்லாருக்குன்னாரே?"

ஓய்வெடுத்த பாட்டரி மீட்டரில் நல்லபடியாகத்தான் காட்டும். பாட்டரிப் பெட்டி மூடியை முழுதாகக் கழற்றினேன். பாட்டரித் தட்டில் பாதி இடம் காலி. மீட்டர் வைத்தவனுக்கு இது கண்ணில் படவில்லையாம்!

"இது சின்ன காருக்கு உள்ள பாட்டரி. இதுல இருந்த பெரிசு எங்க பாய்?"

பாய் குனிந்து தட்டைப் பார்த்தார். பின்சீட்டிலிருந்து பதில் வந்தது. "எங்க வூட்டு இன்வர்ட்டர்ல இருக்கு."

"ராத்தா!"

"என்ன ராத்தா? புயலுக்கு ஒரு வாரம் கரண்டு இல்ல. நீ சிங்கப்பூர்ல ஏசியில படுத்திருந்தே. வண்டி எங்க வாசல்ல சும்மாத்தானே கெடந்துச்சு? அப்பறம் புதுசா ஒண்ணு வாங்கி வெக்கத்தானே செஞ்சேன்?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டாச் சொல்லியிருப்பேன். யாரு கேட்டா?"

எனக்கும் சேர்த்துத்தான் அந்தக் கேள்வி.

இன்ஜினைத் தூக்க முதலாளி எடுத்து வைத்திருந்த செயின் பிளாக் உள்ளே போனது. பெரிய பாட்டரி காருக்குத் திரும்பியது. ராத்தா வீட்டுக்குப் பாய் ஒழுங்கான இன்வர்ட்டர் பாட்டரி ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

இப்போது ஸ்பேனர் பிடிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். சூட்டுக் கோளாறைச் சூட்டில் பாருங்கள். சாவி வைத்திருப்பவரை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். வண்டி நிற்கிற வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணி, அத்தனை பேரையும் கேளுங்கள். பிரிப்பது அதற்கப்புறம்.

சிங்கப்பூருக்குக் கிளம்புமுன் சொல்லிக்கொண்டு போக யூசுப் பாய் பட்டறைக்கு வந்தார். கையை நீட்டினார். நான் முதலில் பானெட்டைத் தொட்டேன். சுரீரென்று சுட்டது.

"இப்பத்தான் பாய் ஒழுங்கா வந்திருக்கீங்க" என்று சொல்லி, அப்புறம்தான் கை கொடுத்தேன்.