கன்னியப்பனின் நாக்கு

கிணறு வெட்டும் கன்னியப்பன் தன் நாக்கைத் தவிர வேறு எதையும் நம்பியதில்லை. எங்கே தோண்டினாலும், முதலில் சுரக்கும் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கூடை மண்ணை எடுப்பான்.

1926இல் ஆம்பூருக்குப் பக்கத்து ரயிலடி ஒன்றில், தண்டவாளத்துக்கு அடியே ஜனங்கள் நடந்து போகச் சுரங்கப்பாதை தோண்டினார்கள். அந்த வேலைக்குப் போன கன்னியப்பனுக்கு அதுவே சந்தேகம். மேலே இவ்வளவு இடமிருக்க, மனுஷன் ஏன் எலி மாதிரி போக வேண்டும்?

பன்னிரண்டாவது அடியில் ஊற்றுக்கண் திறந்தது. தோல்வாளியில் மொண்டு ஒரு வாய் குடித்தவன் தூவென்று துப்பினான். உப்பு, கூடவே தோல் பதனிடப் போடும் ஆவாரம்பட்டையின் கசப்பு.

"இது பாதை இல்ல மேஸ்திரி, தோல்ஷாப்பு கழிவு போற கால்வா! யாரை ஏமாத்தறீங்க?" என்று கத்திவிட்டு மண்வெட்டியை வீசி எறிந்தான். அவனை நம்பிக் கூட வேலை செய்த இருபது ஆட்களும் கரையேறினார்கள். மூன்று நாள் வேலை நின்றது.

நான்காம் நாள், கரையில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கூழ் கொண்டுவந்த அவன் மனைவி பூவம்மாள், குழியில் இறங்கிப் பித்தளைச் செம்பில் மொண்டு குடித்தாள்.

"இளநீர் மாதிரி இருக்குது. வாளி போன வாரம் வாங்கின புதுத்தோலு. ஊற வெச்சிக் கழுவ வேணாமா?"

எல்லோரும் சிரித்தார்கள், மேஸ்திரிதான் அதிகம் சிரித்தார். கன்னியப்பன் செம்பை வாங்கி ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். முகம் முன்னைவிடக் கடுகடுத்தது.

"இவ்ளோ நல்ல தண்ணிய செங்கல் வெச்சி மூடிட்டு, அதும் மேல நடக்கப் போறீங்களா? இது எங்க போவும்?"

மேஸ்திரி வரைபடத்தை விரித்துப் பார்த்தார். அதில் ஊற்றே இல்லை.