உப்பள வளைவில் சாயும் கார்

யுத்தம் முடிந்து ஆலங்குடாவுக்கு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய காலத்தில்தான் எங்கள் மகள் காய்ச்சலில் மௌத்தானாள். வந்தவர்கள் கடலில் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு பாய்ந்து திரிந்தார்கள். கண்டக்குழியில் எங்கள் வாசலில் நின்ற என் பழைய காரைப் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னால் நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை.

அழுது முடித்த பிறகு எனக்கும் மனைவிக்கும் பேச ஒன்றும் மிச்சமில்லை. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தோம். சோறு நேரத்துக்கு வந்தது. நான் தின்றேன். உப்பு கூடியதா குறைந்ததா என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வந்து, மகளை அடக்கிய மையவாடிக்கு மனைவியைக் கூட்டிப் போவேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் மையவாடிக்குள் வருவதில்லை. நான் உள்ளே போய், மகளுக்காக ஓதி ஸியாரத் செய்துவிட்டு வரும்வரை அவள் வாசலில், காருக்குள்ளேயே இருப்பாள். திரும்பி வந்ததும், "புல்லு முளைச்சிருக்கா?" என்று கேட்பாள். "ஓம்" என்பேன். அந்தக் கிழமைக்கான கதை அதோடு முடிந்துவிடும்.

போகும் வழியில், உப்பளத்தின் ஓரமாகப் பாதை இடப்பக்கம் சட்டென்று ஒடியும். அந்தக் காரின் முன்சீட் ஒரே வாங்குப் பலகை மாதிரி நீளமானது. கியர் ஸ்டியரிங்கோடு இருந்ததால் இடையில் தடுப்பு எதுவும் இல்லை. பெல்ட்டும் கிடையாது. வளைவில் கார் வலப்பக்கம் அப்படியே சரியும். ரெக்சினில் வழுக்கி அவள் என் தோளில் வந்து மோதுவாள். "வள்ளம் மாதிரி ஆடுது" என்று முணுமுணுத்து, பாதை நேரானதும் தன் இடத்துக்கு நகர்ந்துவிடுவாள்.

அதைச் சரிசெய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததே என்ற ஆறுதல்தான், வேறொன்றும் இல்லை.

காரின் அடியில் முன் சில்லுகள் இரண்டையும் இணைத்து ஒரு கம்பி ஓடும். ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். வளைவில் ஒரு பக்கம் அமுங்கும்போது காரைச் சரிய விடாமல் பிடிப்பது அதுதான். என்னுடையது மெலிந்த கம்பி. முந்தலில் பழைய வாகனங்களை உடைத்து விற்கும் மெக்கானிக் பாஸிடம் போய் மொத்தமான ஒன்று கேட்டேன்.

"பாலாவி வரைக்கும் பாதை நேரா கிடக்கு. ஆரோட, தம்பி, ரேஸ் ஓடப் போறீங்க?" என்றார்.

"வளைவில பொஞ்சாதி என்ட பக்கம் சாயிறா."

"சாஞ்சா சாயட்டுமே. உங்கட பொஞ்சாதிதானே."

அவருடைய பகிடி எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஜப்பான் வேனின் கம்பியைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். தென்னைக்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்து, பழையதைக் கழற்றி, புது ரப்பர்களோடு அதைப் பூட்டினேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். காருக்கு அடியில் யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தேன்.

அடுத்த வெள்ளி, வளைவில் வேகத்தைக் குறைக்காமலே திருப்பினேன். கார் அசையவில்லை. பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். அவள் தன் இடத்தில் நேராக இருந்தாள்.

"எப்பிடி?"

"இப்ப சாயுதில்ல" என்றாள்.

அன்று நான் மையவாடியிலிருந்து திரும்பி வந்தபோது அவள் புல்லைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டுக்குக் கிட்ட வந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"ஏன் அந்தக் கம்பிய மாத்தினீங்க?"

"வள்ளம் மாதிரி ஆடுது எண்டு நீதானே சொன்ன."

"சொன்னன்தான். மாத்தச் சொன்னனா?" கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள். "அந்த வளைவில மட்டும்தான் உங்கள்ல சாயக் கிடைச்சிச்சு. வேற எங்க போய்ச் சாயிற நான்?"

நெஞ்சுக்குள் எதுவோ வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்ததே அன்றுதான்.

மறுநாள் மறுபடி சாக்கை விரித்தேன். ஜப்பான் கம்பியைக் கழற்றி வேலி ஓரம் போட்டுவிட்டு, பழைய மெலிந்த கம்பியையே திரும்பப் பூட்டினேன். அவள் குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை உப்பள வளைவில் கார் சரிந்தது. அவளும் வழுக்கி வந்து என் தோளில் சாய்ந்தாள். பாதை நேரான பிறகும் நகர்ந்து போகவில்லை. மையவாடி வாசலில் எஞ்சினை நிறுத்தினேன். அன்று நான் உள்ளே போகவில்லை; அவளோடு காருக்குள்ளேயே இருந்தேன்.