கழுவாத கால்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் மாதா கோயில் முற்றத்தில் புனித வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழனன்று நாடகம் போட்டோம். ஜவுளிக்கடைக்காரர் மகனான எனக்கு இயேசு வேஷம். ராயப்பராக, அதாவது சீடர் பேதுருவாக நடித்தவர் வன்னியம்பட்டியிலிருந்து வந்து செருப்புத் தைக்கும் சவரிமுத்து. குரல்வளத்துக்காக அவரைச் சேர்த்திருந்தார்கள். அவர் பக்கத்தில் வந்தாலே தோல் நாற்றம் என்று மூக்கைச் சுளிப்பேன்.

"பாட்டு, வசனம், வேஷம் எல்லாம் இருந்தாலும் செய்கை இல்லேன்னா அது நாடகமில்லடே," என்பார் எங்களைப் பழக்கிய வாத்தியார். ஆனால் சீடர்களின் காலைக் கழுவும் கட்டத்தை ஒவ்வொரு ஒத்திகையிலும் நான் தாண்டிவிடுவேன். "அன்னைக்குச் செஞ்சிருதேன்" என்று சமாளிப்பேன்.

அன்று தாம்பாளத்தில் தண்ணீரோடு மண்டியிட்டு ஒவ்வொருவர் காலாகக் கழுவி வந்தேன். கடைசியில் சவரிமுத்து. காலை இழுத்துக்கொண்டு, "வேண்டாம் ஆண்டவரே!" என்றார். அது ராயப்பரின் வசனம். நான் வற்புறுத்திக் கழுவ வேண்டும். முன்வரிசையில் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, உன் இஷ்டம்" என்று எழுந்துவிட்டேன்.

திரை விழுந்ததும் அவரிடம் போய், "வசனம் மறந்துபோச்சு" என்று கூசாமல் சொன்னேன்.

"நீங்க தொடமாட்டீகன்னு தெரியும்யா," என்றார். "ஒருவேளை தொட்டுட்டா ஒங்களுக்கு அருவருப்பா இருக்கக் கூடாதுல்லா? அதான் காலையிலயே செங்கல்ல மூணு தடவ தேச்சுக் கழுவிட்டு வந்தேன்."

குனிந்து பார்த்தேன். அவர் கால் பளிச்சென்றிருந்தது. தாம்பாளத்தில் கலங்கிக் கிடந்த அழுக்கெல்லாம் எங்கள் ஆட்களுடையது.

இன்றைக்கும் கை கழுவும்போதெல்லாம் என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருக்கிறது.