அரைக்கட்டை ஏறும்போது

எங்கள் சபையில் கீபோர்டு வாசித்தவர், வாரநாட்களில் ஷூ கம்பெனியில் பசை தடவுபவர். நகமெல்லாம் பசைக்கறை. வாசிக்கும்போது தன் விரல்களைப் பார்க்கமாட்டார். எங்கள் முகங்களையே பார்ப்பார்.

ஒரு திங்கட்கிழமை, நாங்கள் இருவரும் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், “நேத்து ரொம்ப அழுதீங்கக்கா” என்றார்.

“ஆண்டவர் தொட்டாரு தம்பி.”

“பாஸ்டர் கண்ணக் காட்டுவாரு, நான் சுதிய அரைக்கட்டை ஏத்துவேன். மொத தடவ ஏத்துனா முன்வரிசை அழும். நீங்க எப்பவும் ரெண்டாவது தடவ ஏத்துனாத்தான்.”

கேலியாகச் சொல்லவில்லை. இன்றைக்கு ஓவர்டைம் உண்டு என்பதுபோல் சொன்னார். செத்துப்போன என் மகனுக்காக அழுகிறேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுருதி ஒருமுறை ஏறியது; தாங்கிவிட்டேன். இரண்டாம் முறை ஏறியதும் கண்ணீர் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் எனக்கு லேசாகத் தலையசைத்துவிட்டு, அடுத்த வரிசையைப் பார்த்தார்.