நாகலக்ஷ்மி கல்லைத் தூக்கிய கதை

சிட்லபாக்கத்தில் நாகலக்ஷ்மியை அறியாதவர் குறைவு. காலையில் ஒரு தோளில் கைப்பை, மறு கையில் சாப்பாட்டுப் பை என்று சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பறக்கிற பெண்மணி. கிண்டியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. நாற்பத்து நான்கு வயது. மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினாலே பெரிய விஷயம் என்று தன்னைப் பற்றித் தானே கேலி பேசுவாள்.

மாமனார் ஸ்ரீநிவாசராகவனுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் சரியாக ஊன்றாமல் போயிருந்தது. ஆஜானுபாகுவான மனிதர். ஒரு சனிக்கிழமை மத்தியானம் யாரையும் கூப்பிடாமல் தானாக எழுந்திருக்கப் பார்த்தவர், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் சரிந்து விழுந்தார். கணவன் பத்ரி பெங்களூர் போயிருந்தான். நாகலக்ஷ்மி அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். சட்டை மேலே வந்தது, ஆள் வரவில்லை. பக்கத்து வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டில் இருந்தவர்கள் இவரைவிட வயதானவர்கள். வெகுநேரம் கழித்துத் தண்ணீர் கேன் போட வந்தவரும் அவளுமாகத்தான் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். அதுவரை தரையில் கிடந்தவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பாள். பத்து நாளில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. தண்ணீரே குடிப்பதில்லை போலிருக்கிறதே என்று டாக்டர் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அவள் மாமனார் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா குடிக்கலை?"

"குடிச்சா எழுந்துக்கணும். எழுந்துண்டா விழுவேன். விழுந்தா நீ தெருத்தெருவா ஆள் தேடணும். எதுக்கும்மா நாகு?"

அன்று சமையலறையில் குக்கர் நாலைந்து விசில் அடித்தும் அவள் அடுப்பை அணைக்கவில்லை. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. தன் கைகள் மேல் கோபம்.

பம்மலில் பழைய தோல் கிடங்கு ஒன்றில் பிரிட்டோ என்பவர் ஜிம் நடத்திவந்தார். தகரக் கூரை, சிமெண்ட் தரை, மூலையில் மணல் மூட்டைகளும் சிமெண்டில் வார்த்த பெரிய பெரிய உருண்டைக் கற்களும். அலுவலக உடையோடு வந்து நின்ற நாகலக்ஷ்மியை அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"வெயிட் கொறைக்கணுமாக்கா? சுகரா?"

"இல்லை. எண்பத்தஞ்சு கிலோ மனுஷரைத் தரையிலேர்ந்து தூக்கணும்."

பிரிட்டோ சிரிக்கவில்லை. தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "மனுசனுக்குக் கைப்புடி கெடையாதுக்கா. கம்பியத் தூக்கிக் கத்துக்கினா ஒண்ணியும் ஆவாது. மூட்டையத் தூக்கு. அதுதான் உன்கிட்ட மல்லுக்கு நிக்கும்."

நின்றது. முதல் மாதம் சின்ன மூட்டைகூட முழங்காலைத் தாண்டவில்லை. ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் மணல் வழிந்து தொங்கியது. "தள்ளி நின்னுகினு தூக்காதக்கா, கட்டிப் புடி. மொதல்ல மடியில ஏத்து. அப்பால எழுந்திரு" என்று பிரிட்டோ கத்துவார். ஒரு மாலை, மூட்டை மடியில் ஏறியது. அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். கிடங்கு முழுக்கக் கேட்கிற மாதிரி "அம்மாடி!" என்று கத்தினாள்.

மழைக்காலம் வருவதற்குள் மாமனாரை நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தனியாக மாற்றினாள். பிறகு ஒருநாள், வேண்டுமென்றே தரையில் பாய் விரித்து அவரை உட்கார வைத்து, பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, பிடி தளராமல் தூக்கி நிறுத்தினாள். ஸ்ரீநிவாசராகவன் திகைத்துப் போனார். நின்ற நிலையிலேயே, "ஒரு பெரிய டம்ளர் ஜலம் கொண்டா" என்றார்.

வந்த காரியம் முடிந்துவிட்டது. ஆனால் அவள் ஜிம்முக்குப் போவதை நிறுத்தவில்லை. மூட்டையிலிருந்து தண்ணீர் பீப்பாய்க்கும், பீப்பாயிலிருந்து கல்லுக்கும் போய்விட்டாள். பிடி வழுக்காமலிருக்க உள்ளங்கையில் பிசின் தடவிக்கொண்டு கல்லை அணைத்துத் தூக்கினால் முன்கையெல்லாம் உராய்ந்து கன்றிப்போகும். ஒருநாள் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் விஷ்ணுப்ரியா அவளை லிஃப்ட் ஓரமாக அழைத்துப் போனாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. வீட்ல ஏதாவது பிரச்சினையா? கையெல்லாம் இப்படி இருக்கே. பயப்படாம சொல்லுங்க, நான் கூட இருக்கேன்."

நாகலக்ஷ்மிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தான் கல் தூக்குகிற வீடியோவைப் போனில் காட்டினாள். விஷ்ணுப்ரியா அதை மூன்று தடவை பார்த்தாள். சாயந்திரத்துக்குள் அலுவலகம் முழுக்கப் பார்த்தாயிற்று.

தாம்பரத்தில் ஒரு மைதானத்தில் பெண்களுக்கான பாரம் ஏற்றும் போட்டி வைத்தார்கள். பிரிட்டோ சொன்னதும் அவள் சரி என்றுவிட்டாள். பத்ரிதான் கவலைப்பட்டான்.

"அப்பாவைத் தூக்கத்தானே கத்துண்டே? இது எதுக்கு? முதுகு போயிடும்."

"அப்பாவுக்காகப் போனேன், சரி. இப்போ எனக்குப் பிடிச்சிருக்கு பத்ரி. அவ்வளவுதான்."

உள்ளேயிருந்து மாமனார் குரல் வந்தது: "நம்ம வம்சத்துல கல்லைத் தூக்கினவா யாரும் கிடையாது. ஒருத்தியாவது தூக்கட்டுமேடா. வண்டியைச் சொல்லு, நானும் வரேன்."

போட்டி நாளில் காலையிலேயே வெயில் சுட்டது. மார்பளவு உயரத்தில் இரும்பு மேடை. எதிரே வரிசையாக மணல் மூட்டை, பாதி தண்ணீர் நிரப்பிய பீப்பாய், சின்னக் கல், பெரிய கல். நான்கையும் ஒன்றரை நிமிஷத்துக்குள் மேடையில் ஏற்ற வேண்டும். கீழே உருண்டு விழுந்தால் கணக்கில் சேராது.

பெரும்பாக்கம் கிறிஸ்டினாதான் ஜெயிப்பாள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். கபடி ஆடுகிற பெண், நாகலக்ஷ்மியைவிடப் பாதி வயது. முதல் மூன்றையும் பந்து மாதிரி எடுத்துப் போட்டாள். பெரிய கல் மட்டும் இரண்டு முறை மடியிலிருந்து வழுக்கியது. மூன்றாவது முறை குனிவதற்குள் நேரம் முடிந்து விசில் ஊதிவிட்டார்கள்.

கடைசியாக நாகலக்ஷ்மி. மூட்டை சுலபமாக ஏறியது. பீப்பாயைத் தூக்கும்போது உள்ளே தண்ணீர் ஒருபக்கமாக அடித்து அவளையே சுழற்றிவிட்டது. பீப்பாய் மேடை விளிம்பில் இடித்துத் திரும்பி வந்தது. மறுபடி தூக்கி ஏற்றினாள். அதில் நேரம் போய்விட்டது. சின்னக் கல்லையும் ஏற்றிவிட்டாள்.

பெரிய கல்லுக்கு இரண்டு பக்கமும் காலை வைத்துக் குனிந்தாள். "கட்டிப் புடிக்கா! உடாத!" என்று பிரிட்டோ தொண்டை கிழியக் கத்தினார். கல் மெல்லத் தரையை விட்டது. மடிக்கு வந்தது. அங்கே அது அவளை அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. வியர்வையில் பிசின் இளகிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் எங்கோ, பார்க்க வந்திருந்த விஷ்ணுப்ரியாவின் குரல், அதற்கும் மேலே, எழுபத்தெட்டு வயது மாமனாரின் குரல்: "ஏந்திருடி பொண்ணே! ஏந்திரு!"

கல்லைக் கைகள் மட்டும் தூக்கவில்லை. கால், இடுப்பு, நெஞ்சு, தாடை எல்லாமே சேர்ந்து தூக்கின. அவள் எழுந்தாள். இடுப்பை முன்னால் தள்ளினாள். கல் மார்பில் உருண்டு மேடையில் விழுந்து டமாரென்று அதிர்ந்தது. விழுந்த வேகத்தில் மறுமுனைக்கு ஓடியது. விளிம்பில் ஒருமுறை ஆடி, பின்வாங்கி, நின்றது. நடுவர் கையை உயர்த்தினார். அப்புறம்தான் விசில் ஒலித்தது.

நான்கையும் ஏற்றியவள் அன்று அவள் ஒருத்திதான்.

நாகலக்ஷ்மி மண்ணில் மல்லாந்து படுத்து வாய்விட்டுச் சிரித்தாள். பத்ரி ஓடிவந்து, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் பக்கத்தில் மண்டியிட்டான். சக்கர நாற்காலியில் இருந்த ஸ்ரீநிவாசராகவன் முன்பின் தெரியாத ஒருவரின் சட்டையைப் பிடித்து இழுத்து, "என் மாட்டுப்பொண் சார், என் மாட்டுப்பொண்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கிறிஸ்டினா வந்து கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். "செம்மக்கா. ஆனா அடுத்த வாட்டி உட மாட்டேன், சொல்லிட்டேன்."

"விடாதே. நீ விட்டா எனக்கு என்ன சுவாரஸ்யம்?"

பரிசு கொடுத்து முடிந்ததும் ஆண்கள் பிரியாணிப் பொட்டலம் வாங்க வரிசையில் போய் நின்றுவிட்டார்கள். கற்களை ஜிம்முக்குக் கொண்டுபோகக் குட்டியானை வண்டி வந்து நின்றது. டிரைவர் இறங்கி, தூக்குவதற்கு ஆள் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"யாருமில்லியாம்மா? ஆம்பளைங்கள யாரையாச்சும் கூப்புடுங்க."

நாகலக்ஷ்மி கழுத்தில் தொங்கிய பதக்கத்தைப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டாள். கிறிஸ்டினா மீதமிருந்த பிசினை இருவர் கையிலும் தடவினாள்.

"நீங்க பின்பக்க டோரை மட்டும் இறக்கி விடுங்கோ சார்" என்றாள் நாகலக்ஷ்மி.