ஆறரை மணிக்கு வருகிறவர்

வீட்டில் அவளுக்குக் கணவன் வைத்த பெயர் 'ஏன் எதுக்கு'. பால் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைக்கூட என்ன ஏதென்று பார்க்காமல் பாத்திரத்தில் ஊற்ற மாட்டாள். வாய்த்த வேலையும் அதற்குத் தோதானதுதான். வீட்டில் வைத்துக்கொள்ளும் சுவாசக் கருவிகளைச் செய்யும் கம்பெனியில், கையேடுகள் இருக்கும் இணையதளத்தைப் பதினொரு வருடமாகக் கட்டி மேய்க்கிறாள். ஒரு பக்கம் இடம் மாறினால், பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

தளத்தை மாற்றியமைத்த அன்று, செத்த லிங்க் ஒன்றுகூட இல்லை என்று சோதனை மென்பொருள் சொன்னது. மேனேஜர் கேக் வாங்கிவந்து அவளையே வெட்டச் சொன்னார்.

இரண்டு வாரத்துக்கும் மேல் ஆகிவிட்டது. தளத்துக்கு யார் எப்போது வந்தார்கள் என்கிற பதிவை மேய்ந்துகொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தினமும் காலை ஆறரைக்கு யாரோ ஒரே பழைய முகவரிக்கு வருகிறார். அது இன்னொரு முகவரிக்கு அனுப்புகிறது. அங்கே போனால் மறுபடி இங்கேயே அனுப்புகிறது. இருபது சுற்றுச் சுற்றிவிட்டு ஆள் போய்விடுகிறார். நான்கு வருடம் முன்பு அந்தப் பக்கத்தை இடம் மாற்றியவள் அவள்தான். இப்போது பழைய இடத்துக்கே கொண்டுவந்தவளும் அவள்தான். முதலில் போட்ட திருப்பலை எடுக்க மறந்துவிட்டாள்.

"அது பழைய மாடலோட பக்கமுங்க, யாரு பாக்கப் போறாங்க? தூக்கிடுங்க," என்றார் மேனேஜர்.

"தினம் ஒருத்தர் பாக்குறாரே சார்."

"ஏதாவது ரோபோவா இருக்கும்."

ரோபோ தப்பாக ஓர் எழுத்தை அடித்துவிட்டு, திருத்தி அடித்துக்கொண்டு வருமா? எந்தப் பக்கத்திலும் அதற்கு லிங்க் கிடையாது. கையால் அடிக்கிறார். எதைப் பார்த்து? மண்டை குடைச்சல் தாங்காமல் கிடங்குக்குப் போனாள்.

கிடங்குக்காரர் மூலையில் கிடந்த பழைய கருவியைத் திருப்பிக் காட்டினார். முதுகில் ஒரு ஸ்டிக்கர்: 'மஞ்சள் விளக்கு எரிந்தால் இங்கே பார்க்கவும்.' கீழே அதே முகவரி. வடிகட்டி அடைத்துக்கொண்டால் அந்த விளக்கு எரியும், காற்றும் குறையும்.

"இத எத்தனை வித்திருப்போம்ண்ணே?"

"ஆறாயிரம் இருக்கும்மா."

ஓட்டமாகத் தன் இருக்கைக்குத் திரும்பினாள். அன்றைக்கே பழைய திருப்பலை எடுத்துவிட்டாள்.

மறுநாள் ஆறரைக்கு வீட்டில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறே முக்கால் ஆயிற்று. யாரும் வரவில்லை.

"யாருக்காக இப்படிக் காத்துக் கெடக்குற?" என்றான் கணவன்.

"தெரியல. ஆனா வரணும்."

ஆறு ஐம்பத்திரண்டுக்கு வந்தார். பக்கம் திறந்தது. அரை மணி நேரம் கழித்து, யாருமே சீண்டாத 'உதவியதா?' பெட்டியில் ஒரு பதில் விழுந்தது.

"இன்னிக்குத்தான் தொறந்துச்சு. கழுவி மாட்டினதும் வெளக்கு அணைஞ்சிடுச்சு. பதினேழு நாளா அம்மா மூச்சு வாங்கிட்டே இருந்தாங்க."

விரல் விட்டு எண்ணினாள். பதினேழு நாளுக்கு முன்புதான் கேக் வெட்டினாள்.

உடனே கிடங்குக்காரருக்குப் போன் போட்டாள். "அண்ணே, மத்த மாடலையும் ஒண்ணு விடாம முதுகத் திருப்பி வைங்க. இதோ வந்துட்டேன்."