நின்றால் நடுங்கும் வண்டி

“ஓடுறப்ப நல்லாத்தான் இருக்கு, நின்னா நடுங்குது. நிக்கிறப்ப என்ஜின் சுத்துற வேகத்த, அந்த ஐடிலிங்க, ஏத்தி விட்டிருங்க, போதும்,” என்றார் அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சொந்தக்காரர். விருதுநகரில் என் பட்டறைக்கு வருகிற பாதிப்பேர் இதைத்தான் சொல்கிறார்கள். கேட்டாலே எரிச்சல் வருகிறது.

என் சின்ன வயதில், சிவகாசியில் அம்மாவை ஏற்றிப்போக வரும் வெடிக் கம்பெனி வேனும் இப்படித்தான் நடுங்கும். டிரைவர் ஐடிலிங்கை ஏற்றிக்கொண்டே போவார். அப்படியும் தெருமுனையில் அணைந்துவிடும். பெண்கள் இறங்கித் தள்ளுவார்கள். ஒருநாள் எங்கள் வாசலில் அவர் என்ஜின் மூடியைத் திறந்தபோது உஸ்ஸென்று சத்தம் கேட்டது.

“அண்ணே, இங்கன காத்து இழுக்குது,” என்றாள் அம்மா.

“நீ வெடியச் சுத்து தாயி. வண்டிய நான் பாக்கேன்.”

என்ஜினை ஓடவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். வெடிக்குழாய் சுற்ற வீட்டில் வைத்திருந்த காகிதத்தில் பசை தடவி, கிழிந்த ரப்பர் குழாயின்மேல் இறுக்கிச் சுற்றினாள் அம்மா. நடுக்கம் நின்றது. மறுநாள் தானே சரிசெய்ததாக ஊரெல்லாம் சொன்னார் டிரைவர். அம்மா எப்போதும்போல வேனில் ஏறி வேலைக்குப் போனாள். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

இந்தக் காரிலும் ஒரு குழாய் கீறியிருந்தது. விரலால் அடைத்தேன். என்ஜின் அமைதியானது.

“யாருகிட்டத் தொளில் படிச்சீக?” என்றார் கார்க்காரர்.

“எங்கம்மாகிட்ட. வெடிக்குழாய் சுத்துனவுக.”

“வெடி சுத்துனவுகளா?” என்று அவர் சிரித்தார்.

நான் விரலை எடுத்துவிட்டேன். கார் மறுபடி நடுங்கியது.